பழவேற்காட்டுக் கரையும் ஜப்பான் கரையும்

மதரஸாவில் அரபுச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதச் சொல்லும்போது, 'மிஃப்தாஹ்' என்ற சொல்லுக்கு நேரே பிள்ளைகள் அனைவரும் 'சாவி' என்றே எழுதுகிறார்கள். 'திறவுகோல்' என்று எழுதும் பிள்ளையைக் காண்பது அரிது. சாவி என்பது தமிழ்ச் சொல்லன்று. அரபுச் சொல்லும் அன்று. கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியர் நம் கரையில் விட்டுச் சென்ற சொல் அது.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காற்று வரும் ஜன்னல், துணி வைக்கும் அலமாரி, முகம் துடைக்கும் துவாலை, சட்டையில் தைத்த பொத்தான், தேநீர் ஊற்றிய கோப்பை ஆகிய யாவும் அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. சமையலறையில் இருக்கும் பறங்கிக்காயோ, 'பறங்கியர்' என்ற அவர்களுடைய பெயரையே சுமந்திருக்கிறது.

இனி, நமக்கு வெகு தொலைவிலுள்ள ஜப்பான் நாட்டு இல்லம் ஒன்றை எட்டிப் பாருங்கள். அங்கும் பொத்தானுக்குப் பெயர் 'போதன்'. கிறித்தவ மதகுருவை நாம் 'பாதிரி' என்றோம். பழைய ஜப்பானியர் 'பதெரென்' என்றனர். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள். ஜப்பானியரும் 'பான்' என்றே சொல்கிறார்கள். பறங்கிக்காய் அந்நாட்டுக்கும் பறங்கியர் கப்பலிலேயே போயிற்று. கம்போடியாவிலிருந்து வந்த காய் என்னும் பொருளில் அங்கே அதற்குக் 'கபோச்சா' என்று பெயர்.

ஒரே விருந்தாளி இரண்டு வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறான். இரண்டு வீட்டாரும் அவனிடமிருந்து சொற்களையும் பண்டங்களையும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் முடிவு ஒன்றாக இருக்கவில்லை. ஒரு வீட்டார் விருந்தாளியை வாசல் திண்ணையிலேயே இருத்தி வைத்தனர். மற்றொரு வீட்டில் விருந்தாளியே வீட்டுக்காரன் ஆனான். இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்று அறிய ஜப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு வரை சென்றால் போதும். வாருங்கள், சேர்ந்தே போய்வருவோம்.

எங்கள் ஆறு கடலைத் தொடும் இடம்

நான் வசிக்கும் முடிச்சூர், தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஊர். கடலுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஊரை ஒட்டி ஓடும் அடையாறு, சென்னையின் தென்பகுதியைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கள் தெருக்களுக்குள் புகுந்த பிறகுதான் எங்களில் பலர் அந்த ஆற்றின் பெயரையே கவனமாக உச்சரிக்கத் தொடங்கினோம். அந்த ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது சாந்தோம்.

ஈஸா (அலை) அவர்களின் சீடர்களில் ஒருவரான தோமா அடக்கம் செய்யப்பட்ட இடமென்று கிறித்தவர்கள் நம்பும் தலம் அது. 1520களில் அங்கே குடியேறிய போர்ச்சுகீசியர், மயிலாப்பூர்க் கரைக்குத் தங்கள் மொழியில் 'சாவோ தோமே' என்று பெயரிட்டனர். நம் நாவில் அது சாந்தோம் ஆயிற்று.

கிறித்தவப் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் 1542இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றி, 1545இல் சில மாதங்கள் இந்தச் சாந்தோமில் தங்கினார். இங்கிருந்து கப்பலேறி மலாக்கா சென்றார். அங்கே அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். 1549 ஆகஸ்டில் அவருடன் ஜப்பானின் ககோஷிமாவில் கால் வைத்தார். நம் கரையில் நடந்த அதே கால்கள்தாம் நான்கே ஆண்டுகளில் ஜப்பான் கரையிலும் நடந்தன. இரு கரைகளும் அன்றே ஒரே கடல்வழியில் கோக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கடலுக்கு ஒரு கடுதாசி

பறங்கியர் முதலில் வந்தது நம் மேற்குக் கரைக்கு. 1498இல், அதாவது ஹிஜ்ரி 904ஆம் ஆண்டையொட்டி, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பகுதியை அடைந்தார். அவ்வருகையையும் அதன் பின்விளைவுகளையும் முஸ்லிம்களின் பார்வையில் எழுதி வைத்தவர் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற அவரது அரபு நூல் 1583 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. மக்தூம் குடும்பத்தாரின் முன்னோர் மஅபர் எனப்பட்ட நம் கிழக்குக் கரையிலிருந்து மலபாருக்குச் சென்றவர்கள் என்பது மரபு. ஆகவே அந்நூல் நமக்கும் உரிய பொக்கிஷமாகும்.

அதுவரை இந்தியப் பெருங்கடல் எவருக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை. அரபியர், குஜராத்தியர், மரைக்காயர், செட்டிமார், மலாயர் யாவரும் பருவக்காற்றை நம்பிக் கப்பல் விட்டனர். துறைமுகத்து அரசனுக்குச் சுங்கம் செலுத்தினர். வணிகம் செய்து திரும்பினர். பறங்கியர் வந்து கடலுக்கே அனுமதிச்சீட்டு வழங்கத் தொடங்கினர். 'கார்த்தாஸ்' என்ற அந்தச் சீட்டு இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்தனர். சீட்டு வாங்கியவனும் அவர்களுடைய துறைமுகத்தைத் தொட்டுச் சுங்கம் கட்டிய பிறகே போக முடியும்.

இந்தச் சொல்லின் பயணம் தனிச்சுவை உடையது. அரபு மொழியில் 'கிர்தாஸ்' என்றால் எழுதப்பயன்படும் தாள். முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூசியாவின் வழியாக அச்சொல் போர்ச்சுகீசிய மொழியில் நுழைந்து 'கார்த்தாஸ்' ஆயிற்று. அங்கிருந்து கப்பலேறி வந்து, அரபியரின் கப்பலையும் மரைக்காயரின் கப்பலையும் மறிக்கும் சீட்டாக மாறிற்று. கடைசியில் நம் வீடுகளில் 'கடுதாசி' என்று உட்கார்ந்துகொண்டது. மகன் வெளிநாட்டிலிருந்து கடுதாசி போட்டான் என்று ஒரு காலத்தில் நம் தாய்மார்கள் மகிழ்ந்து சொன்ன அந்தச் சொல்லுக்குள் இத்தனை வரலாறு அடங்கியிருக்கிறது.

மரைக்காயர்கள் வாளாவிருக்கவில்லை. சாமூதிரியின் சார்பில் அவர்களுடைய கடற்படை பறங்கியரைப் பல்லாண்டுகள் எதிர்த்தது. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் நடந்த போரில் அப்படை பெருந்தோல்வி கண்டது. ஆயினும் குஞ்ஞாலி மரைக்காயர்களின் போராட்டம் மேற்குக் கரையில் தொடர்ந்தது. பின்னர் சாமூதிரிக்கும் நான்காம் குஞ்ஞாலிக்கும் பகை மூண்டது. சாமூதிரி பறங்கியரோடு கைகோத்தார். 1600இல் நான்காம் குஞ்ஞாலி கோவாவில் கொல்லப்பட்டார். வீட்டாருக்குள் பிணக்கு உண்டானபோது விருந்தாளிக்கு வாசல் அகலத் திறந்தது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மணலில் எழுதிய உரையாடல்

1511இல் பறங்கியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சீனக் கடலின் கதவு அவர்களுக்குத் திறந்தது. 1543இல் சீனக் கப்பலொன்று காற்றால் திசைமாறி, ஜப்பானின் தென்கோடியிலுள்ள தானெகஷிமா என்ற சிறு தீவை அடைந்தது. அதில் சில போர்ச்சுகீசியர் இருந்தனர். ஐரோப்பியர் ஜப்பானியரைச் சந்தித்த முதல் நிகழ்ச்சி என்று வரலாறு குறித்து வைத்திருப்பது இதைத்தான்.

1606இல் எழுதப்பட்ட 'தெப்போகி' என்ற ஜப்பானியக் குறிப்பு அந்தச் சந்திப்பைச் சொல்கிறது. கப்பலில் வந்தவர் பேச்சு தீவினருக்குப் புரியவில்லை. ஆனால் அக்கப்பலில் சீன எழுத்தறிந்த ஒருவர் இருந்தார். தீவின் ஊர்த்தலைவருக்கும் சீன எழுத்துத் தெரியும். இருவரும் கடற்கரை மணலில் கோலால் எழுதி எழுதியே பேசிக்கொண்டனர். இந்த விநோத மனிதர்கள் யார் என்று கேட்டதற்கு, இவர்கள் தென்திசையிலிருந்து வரும் வணிகர்கள். கோப்பையைப் பகிர்ந்து குடிக்கும் நாகரிகம் அறியாதவர்கள். குச்சி கொண்டு உண்ணாமல் கையால் உண்பவர்கள். எழுத்தின் பொருளும் அறியாதவர்கள் என்ற கருத்தில் விடை வந்தது. ஜப்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர் 'நன்பான்'. தெற்கத்திக் காட்டுமிராண்டிகள் என்பது அதன் பொருள். உலகையே நாகரிகப்படுத்த வந்ததாகப் பிற்காலத்தில் பெருமை பேசியவர்களை, அன்று கண்டவர்கள் எவ்வாறு எடை போட்டனர் பாருங்கள்! கையால் உண்ணும் நாமும் அந்தக் கணக்கில் அகப்பட்டுக்கொள்கிறோம் என்பது வேறு செய்தி.

அந்தத் தீவின் இளந்தலைவர் தொகிதாகாவுக்கு அப்போது பதினாறு வயதளவே. வந்தவர் கையிலிருந்த நீண்ட குழாயொன்று தீயும் ஓசையும் எழுப்பித் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்குவதைக் கண்டார். பெரும்பொருள் கொடுத்து இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார். வாங்கியதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கவில்லை. ஊரின் வாள் கொல்லரிடம் ஒன்றைக் கொடுத்து, இதைப் போலச் செய் என்றார். குழாயின் அடிப்பகுதியைத் திருகாணி கொண்டு அடைக்கும் வித்தை கொல்லருக்குப் பிடிபடவில்லை. மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த ஒரு பறங்கிக் கொல்லரிடம் அதையும் கற்றுக்கொண்டனர். சில பத்தாண்டுகளுக்குள் ஜப்பானியப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகளை உருவாக்கின. 1575இல் நாகஷினோ போரில் ஓடா நொபுநாகாவின் வெற்றிக்கு அவை உதவின. அத்துப்பாக்கிக்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'தானெகஷிமா'. பொருள் அயலாருடையது, பெயரோ தங்கள் தீவினுடையது.

பழவேற்காட்டை நோக்கி

இனி நம் பயணத்துக்கு வருவோம். தாம்பரத்தில் மின்தொடர் ரயிலேறிக் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் பொன்னேரியில் இறங்க வேண்டும். பொன்னேரியிலிருந்து பேருந்து. நகரத்தின் நெரிசல் மெல்லக் கழன்று, வயலும் உப்புநிலமும் பனைகளும் தோன்றும். காற்றில் கருவாட்டு மணம் வீசத் தொடங்கினால் ஊர் நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பையும் கடலையும் ஸ்ரீஹரிக்கோட்டா தீவு பிரித்து நிற்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். இறாலும் நண்டும் மீனும் ஊரின் உயிர்நாடி. முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர் இது. பழைய பள்ளிவாசல் ஒன்றில், தொழுகை வேளைகளைக் கணிக்கப் பயன்பட்ட நிழற்கடிகாரம் உள்ளது. கைக்கடிகாரம் கட்டிய பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய பொருள் அது.

இன்று அமைதியாகக் கிடக்கும் இவ்வூர், பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்று. முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் இங்கிருந்து மலாக்கா, பர்மா, சுமத்திரா நாடுகளுக்குத் துணி ஏற்றினர். பறங்கியர் முதலில் வந்து குடியேறினர். அவர்களுக்குப் போட்டியாக டச்சுக்காரர்கள் வந்தனர். 1602இல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் வேலூரில் அரசு செலுத்திய வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் அவ்விடத்தில் டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை எழுந்தது.

இதே கம்பெனி 1609இல் ஜப்பானின் ஹிராதோவில் வாணிக நிலையம் தொடங்கியிருந்தது. ஓராண்டு இடைவெளியில் ஒரே கம்பெனி இரு கரைகளிலும் கால் ஊன்றியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைக்காது.

கைலிக்குள் ஒரு வரலாறு

டச்சுக்காரர் தேடி வந்தது இந்த மண்ணையன்று; துணியை. மொலுக்கஸ் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால், அங்குள்ளோர் பொன்னைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பினர். மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேர் தந்த சிவப்பும், அவுரி தந்த நீலமும் எத்தனை முறை துவைத்தாலும் மங்காதவை. கட்டமும் கோடும் போட்டு நெய்தவையும், மெழுகும் தூரிகையும் கொண்டு பூவேலை தீட்டியவையும் கப்பல் கப்பலாகப் பத்தாவியாவுக்குச் சென்றன. இன்றைய ஜகார்த்தாவே அந்தப் பத்தாவியா. அங்கிருந்து அவற்றில் ஒரு பகுதி ஜப்பான் சென்றது.

ஜப்பானில் நம் கோடு போட்ட பருத்தித் துணிக்கு என்ன பெயர் தெரியுமா? 'சாந்தோமே'! ஆம், அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அந்தச் சாந்தோம்தான். மெல்லிய நூலும் மினுமினுப்பும் கொண்ட அத்துணியை எதோ நகரத்துச் செல்வர்கள் போற்றி அணிந்தனர். அன்றைய எதோதான் இன்றைய டோக்கியோ. பிற்காலத்தில் ஜப்பானிய நெசவாளரும் அதைப் போலவே நெய்யக் கற்றனர். 'தோசான்' என்ற பெயரில் அவ்வகைத் துணி அந்நாட்டில் இன்றும் அறியப்படுகிறது. 'அயல்நாட்டுச் சாந்தோமே' என்பதன் சுருக்கமே அப்பெயர். பூவேலைத் துணிகள் 'சரசா' என்று அழைக்கப்பட்டன. தேநீர்ச் சடங்கின் அரிய பாத்திரங்களைச் சுற்றி வைக்கும் உறைகளாகக்கூட அவை மதிக்கப்பட்டன. நம் ஊர் நெசவாளர் ஒருவர், தாம் கேட்டறியாத நாட்டின் பெட்டிக்குள் பத்திரப்படுத்தப்படும் துணியை நெய்துகொண்டிருந்தார்.

பதிலுக்கு ஜப்பானிலிருந்து செம்பு வந்தது. அந்நாட்டுச் சுரங்கங்களின் செம்பை டச்சுக்காரர் சோழமண்டலக் கரையில் விற்றனர். அது பாத்திரமாயிற்று, காசுமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியத் தங்கக் காசுகளும் இங்கு வந்து வராகன்களாக உருமாறின. நம் கரையில் அன்று புழங்கிய செம்பில் ஒரு பகுதி ஜப்பான் மண்ணில் தோண்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் அருகில் ஒன்று உண்டு. பழவேற்காடு என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் 'பலியாகட்' என்றும் 'புலிகட்' என்றும் திரிந்தது. மலாய் மொழியில் அது 'பெலேகாட்' ஆயிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நம் சகோதரர்கள் ஜும்ஆவுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட சாரத்துக்கு 'காயின் பெலேகாட்' என்று பெயர். நம் கடைகளில் 'பாளையக்காட்டுக் கைலி' என்று கேட்டு வாங்குவதும் அதே பெயரின் மற்றோர் உருவமே. வீட்டில் அன்றாடம் உடுத்தும் கைலியில் ஓர் ஊரின் பெயர் ஒளிந்திருப்பதை இனியேனும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கல்லறை வாசலில்

கெல்டிரியா கோட்டையை இன்று தேடினால் கிடைப்பது புதரும் மேடும் அகழியின் தடமும்தான். 1806இல் ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டனர். எஞ்சியிருப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அதன் வாசலில், இருபுறமும் எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே நுழைபவனுக்கு மரணத்தை நினைவூட்டுவதற்காக நாட்டப்பட்டவை. கப்பலும் குலச்சின்னமும் பொறித்த நேர்த்தியான கற்பலகைகளின் கீழே, வீடு திரும்பாத டச்சு வணிகரும் மாலுமிகளும் அவர்களுடைய மனைவி மக்களும் உறங்குகிறார்கள்.

அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது; பெயரும் ஆண்டும் இருக்கின்றன. ஆனால் இதே கரையிலிருந்து அவர்கள் ஏற்றிச் சென்ற மற்றொரு 'சரக்குக்கு' எந்தக் கல்லும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களிலும் போர்களிலும், ஒரு கவளச் சோற்றுக்கு வழியின்றித் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்ற மக்களை, டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளுக்கும் கொண்டு சென்றது. துணி சென்ற அதே கடல்வழியில் மனிதரும் சென்றனர். துணியின் பெயர் ஜப்பான் வரை நிலைத்தது. மனிதரின் பெயர்கள் நம் ஊர்களில் கூட நிலைக்கவில்லை. பழவேற்காட்டுக்குச் செல்லும் அன்பர்கள், எலும்புக்கூடு வாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நில்லாமல், படகுத்துறையிலும் சில நிமிடம் மௌனமாக நின்று வாருங்கள். பெயரற்றுப் போனவர்கள் கடைசியாக மண்ணை மிதித்த கரை அது.

திண்ணையும் உள்வீடும்

இதே டச்சுக்காரர் ஜப்பானில் எவ்வாறு வாழ்ந்தனர்? 1639இல் போர்ச்சுகீசியரை நாட்டைவிட்டே வெளியேற்றிய ஜப்பானிய அரசு, 1641இல் டச்சுக்காரரை நாகசாகி துறைமுகத்திலுள்ள தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாற்றியது. விசிறி வடிவிலான அத்தீவைச் சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடலாம். கரையோடு இணைக்க ஒரேயொரு பாலம். அதில் இரவும் பகலும் காவல். அனுமதியின்றி வெளியே வர முடியாது. கம்பெனியின் தலைவர் எதோ சென்று ஷோகன் முன் மண்டியிட்டு மரியாதை செலுத்தித் திரும்ப வேண்டும். பழவேற்காட்டில் கோட்டை கட்டிப் பீரங்கி நிறுத்திக் காசும் அடித்த அதே கம்பெனி, நாகசாகியில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாய் பொத்தி இருந்தது. ஆனால் அந்தச் சிறு தீவின் வழியே ஜப்பானியர் டச்சு மொழியையும் மருத்துவத்தையும் வானவியலையும் கற்றனர். 1774இல் உடற்கூற்று நூலொன்றைத் தங்கள் மொழியில் ஆக்கினர். ஜன்னலைத் திறந்து வைத்தனர். சாவியைத் தங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டனர்.

இதற்குக் காரணம் ஜப்பானியர் அறிவாளிகள், நம் முன்னோர் ஏமாளிகள் என்பதன்று. அவ்வாறு முடிவு கட்டுவது நம் முன்னோருக்கு நாம் இழைக்கும் அநீதி. நம் வணிகரின் திறமைக்கும் நெசவாளரின் கைவண்ணத்துக்கும் உலகமே சான்று. காரணம் வேறு. ஜப்பானில் 1600க்குப் பின் தோகுகவா அரசின் கீழ் நாடு ஒன்றுபட்டது. இங்கோ 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் தேய்ந்துகொண்டிருந்தது. கோட்டை எழுந்த மறு ஆண்டே, 1614இல், வேங்கடபதி தேவராயர் மறைந்தார். அரியணைக்காக உள்நாட்டுப் போர் வெடித்தது. 1640களில் கோல்கொண்டா படைகள் வந்தன. ஆள்வோர் மாறிக்கொண்டே இருக்க, கோட்டை மட்டும் மாறாமல் நின்றது. கோழிக்கோட்டில் சாமூதிரியும் குஞ்ஞாலியும் பிரிந்தபோது நடந்ததும் இதுவே. கதவைத் தட்டியவனின் வலிமையைவிட, உள்ளே இருந்தவர்களின் பிளவே அவனுக்கு உதவிற்று.

ஜப்பானின் வழியை முற்றிலும் போற்றவும் இயலாது. கதவை அடைக்கும் வேகத்தில் அவர்கள் தங்கள் சொந்த மக்களையே வதைத்தனர். 1597இல் நாகசாகியில் 26 கிறித்தவர்கள் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டனர். 1614இல் அம்மதமே தடை செய்யப்பட்டது. நம்பிக்கையைக் கைவிட மறுத்தோர் கொடுமைக்கு ஆளாயினர். அயலான் மீதுள்ள அச்சம், அண்டை வீட்டானின் மீது பாய்ந்தது. ஒருவருடைய நம்பிக்கையைக் கட்டாயத்தால் பறிப்பதை ஏற்காத மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அதைக் கொடுமை என்று சொல்லத் தயங்கக் கூடாது. சாவியைக் காப்பது என்பது வீட்டிலுள்ளோரை அடைத்து வைப்பதன்று.

ஆக, இரு கரைகளும் நமக்குப் பாடமாகின்றன. வந்தவனை வரவேற்பது நம் பண்பு. விருந்தோம்பல் நம் மார்க்கமும் மொழியும் ஒருங்கே போற்றும் அறம். அவன் கொண்டுவந்த நல்லதைக் கற்றுக்கொள்வது அறிவு. தானெகஷிமாவின் கொல்லரைப் போல, வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்துச் செய்யக் கற்பது அதைவிட மேலான அறிவு. ஆனால் வீட்டாருக்குள் ஒற்றுமை இல்லையேல், எந்த அறிவும் வாசலைக் காக்காது.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழவேற்காடு சென்று வாருங்கள். காலையிலேயே புறப்பட்டால் வெயிலேறுமுன் கல்லறைத் தோட்டத்தையும் கோட்டை மேட்டையும் பார்த்துவிடலாம். பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு நிழற்கடிகாரத்தைக் காட்டுங்கள். இவ்வூரில் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் சகோதரியர் பலர். விலை பேசிக் குறைக்காமல் ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். உலகம் ஒரு காலத்தில் இக்கரையின் கைத்தொழிலைத் தேடி வந்தது. அக்கைத்தொழிலின் எச்சம் இன்னும் அந்த விரல்களில் இருக்கிறது.

வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது, கையிலுள்ள சாவிக்குத் தமிழில் என்ன பெயர் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். திறவுகோல் என்று அவர்கள் சொன்னால் மகிழுங்கள். சாவி என்றே சொன்னாலும் தவறில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மோடு வாழ்ந்த சொல் நம் சொல்லே. அது எந்தக் கப்பலில் வந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.